ஒரு தடவைதான் கேட்டார்கள்

சிட்டு படித்த பல்கலைக்கழகம் ஒரு நாட்டுக்காரர்களுடையது. அதன் கிளை வளாகம் இருந்தது இன்னொரு நாட்டில். சிட்டு போய்ச் சேர்ந்ததோ இரண்டிலும் சேராத மூன்றாவது நாட்டிலிருந்து. இதை உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அவள் அப்பாவுக்கு நாக்குத் தள்ளிப்போயிற்று. கடைசியில், "ஃபாரின்ல படிக்கிறா" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வளாகம் என்றதும் மரமும் புல்வெளியும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. தரைத்தளத்தில் குளியலறைச் சாமான் கடை. பளிச்சென்ற பீங்கான்கள் பத்துப் பன்னிரண்டு, வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டாம் மாடியில் பல் மருத்துவமனை. அதற்கு மேலே உயர்கல்வி. லிஃப்டில் ஏறுகிறவர்களில் யார் பல்லுக்கு, யார் பட்டத்துக்கு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டாம் மாடியில் இறங்கிவிடுவார்கள்.

பாடம் எடுக்கிற ஆசிரியர்கள் தலைமை வளாகத்தில் இருந்தார்கள். இங்கே சுவரில் இருந்த பெரிய திரையில் வந்து பேசிவிட்டுப் போவார்கள். விடுமுறையும் அவர்களுடையதுதான், பருவமும் அவர்களுடையதுதான். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில், "பாதையெல்லாம் பனி, வழுக்கி விழாமல் பார்த்து வாருங்கள்" என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வரும். முதல் வருஷம் அதைப் படித்துவிட்டு ஒன்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆமாம், ஒன்பது பேர். சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் என்பது படிப்பின் பெயர். ஒரு பெட்டி எந்தக் கப்பலில், எந்தக் கிடங்கில், யாருக்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுத் தருகிற படிப்பு.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. இங்கே நடந்தது இந்த ஒரே படிப்புதான், இவர்களுக்குப் பின்னால் யாரும் சேராததால் கிளை வளாகத்தில் இதை நிறுத்தப்போகிறார்களாம். இருக்கிறவர்களைக் கைவிட மாட்டார்களாம். விருப்பப்பட்டவர்கள் கடைசி வருஷத்துக்குத் தலைமை வளாகத்துக்கே போகலாம். போக விரும்பாதவர்களுக்கு இங்கேயே பாடம் நடக்கும். இதைக் கேட்ட அன்று சிட்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷமாகத் திரையில் பார்த்த மரங்களை நேரில் பார்க்கலாம், ஒன்பது பேரும் ஒன்றாகப் போகலாம், வழுக்கி விழுவதானாலும் சேர்ந்தே விழலாம்.

இங்கே சிட்டுவின் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுக்கார அம்மா தட்டை நீட்டி, "பிஸ்கட் சாப்பிடறியா கண்ணு?" என்று கேட்டார். சிட்டு, "ம், தாங்க" என்றாள். அவ்வளவுதான், யாருக்கும் தெரியாமல் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பாடம் நடத்தினாள்.

"கேட்ட உடனே கையை நீட்டறதா? முதல்ல வேண்டாம்னு சொல்லணும். அவங்க திரும்பக் கேப்பாங்க. அப்பவும் வேண்டாம்னு சொல்லு. மூணாவது தடவை அவங்களே கையில திணிப்பாங்க. அப்ப வாங்கிக்க."

அதற்குப் பிறகு சிட்டு போகாத வீடில்லை, வாங்காத பிஸ்கட் இல்லை. இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நம் வீடுகளில் கேட்கிறவர்களுக்கும் இது தெரியும், மறுக்கிறவர்களுக்கும் தெரியும். "இப்பதான் சாப்பிட்டேன்" என்பவருக்கு இலை போடாமல் விட்ட வீட்டை ஊரே ஏழு தலைமுறைக்குப் பேசும்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். திரையில் தலைமை வளாகத்து அதிகாரி, இந்தப் பக்கம் மேசையில் கிளையின் பதிவாளர் அம்மா. பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் சிட்டுவின் தலைக்குள் அது ஓடியது நம் பேச்சில்தான், அப்படியே தருகிறேன்.

"கடைசி வருஷத்துக்கு எங்க வளாகத்துக்கு வரீங்களா? தங்க இடம், விசா எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்" என்றார் அதிகாரி.

சிட்டுவின் மனசு அப்போதே பெட்டியைக் கட்டிவிட்டது. வாய்தான் வளர்ந்த வீட்டு வாயாக இருந்தது.

"பரவாயில்லைங்க சார். எனக்காக உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் இங்கேயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். "அட, இதுல என்ன சிரமம், சும்மா வாங்க" என்று அவர் சொல்ல வேண்டிய இடம் அது. அவரோ, "ரொம்ப நல்லது. உங்க முடிவை மதிக்கிறோம்" என்றார். எதையோ தட்டினார். திரை அணைந்தது. பத்து நிமிஷத்தில் ஒன்பது நிமிஷம் மிச்சமிருந்தது.

வெளியே வந்தால் அறைத்தோழி நெட்டை குதித்துக்கொண்டிருந்தாள். அவளும் நம் பேச்சு பேசுகிறவள்தான், ஆனால் ஐந்தாம் வகுப்பிலிருந்து விடுதியில் வளர்ந்தவள். விடுதியில் வேண்டாம் என்றால் தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதிகாரி கேள்வியை முடிப்பதற்குள் "வரேன்" என்று கத்திவிட்டாளாம்.

"நீ என்னடி சொன்ன?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

"லூசா நீ? உனக்குப் போகணும்தானே?"

"திரும்பக் கேப்பாங்கடி. எப்படியும் ஒரு கடிதமாவது வரும்."

வந்தது. "உங்கள் முடிவு பதிவு செய்யப்பட்டது" என்று மூன்றே வரியில் வந்தது. சிட்டு அதைக் கீழிருந்து மேலாகக்கூடப் படித்துப் பார்த்தாள். மறுபடி யோசியுங்கள் என்று எங்கேயாவது ஓரத்தில் இருக்குமோ என்று தேடினாள். தானே எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே போன தட்டைக் கூப்பிட்டு வாங்குகிற மாதிரி அவளுக்குக் கூசியது. இன்று எழுதுவோம், நாளை எழுதுவோம் என்று மென்று முழுங்கிக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் போய்விட்டது. எட்டுப் பேரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். நெட்டையின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். திரும்பி வருகிற பேருந்தில் அழுதாள்.

அதற்கப்புறம் மூன்றாம் மாடியில் ஈ காக்கா இல்லை. பதிவாளர் அம்மா ஒரு கோடியில், சிட்டு ஒரு கோடியில். நாற்பது நாற்காலி போட்ட வகுப்பில் முதல் நாள் முன்வரிசையில் உட்கார்ந்தாள், அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றியது. மறுநாள் நாலாவது வரிசைக்குப் போனாள், ஆசிரியர் திரையிலிருந்து, "இன்னிக்கு யாரும் வரலையா?" என்றார். இரண்டாம் வரிசையில் ஓர் இடம் பார்த்து நிலைத்தாள். பாடம் முடிந்ததும் ஆசிரியர் பழக்கதோஷத்தில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்பார். சிட்டுவும் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்ப்பாள்.

குழுவாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று வந்தது. ஒரு கிடங்கை வடிவமைக்க வேண்டும், குழுவுக்கு நாலு பேர். கணினியில் அவள் பெயருக்குக் கீழே மூன்று வெற்றுக்கட்டங்கள். வேலையை முடித்த பிறகு, குழுவில் மற்றவர்கள் எப்படி ஒத்துழைத்தார்கள் என்று ஒரு படிவம் கேட்டது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை என்று எழுதினாள். வகுப்புப் பிரதிநிதித் தேர்தலும் வந்தது. வேட்பாளர் அவள் ஒருத்தி, வாக்காளரும் அவள் ஒருத்தி. தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது நன்றாகவா இருக்கும் என்று போடாமல் விட்டுவிட்டாள். ஒரு வாக்கும் பதிவாகவில்லை, தேர்தல் செல்லாது என்று அறிவித்தார்கள்.

சிரிக்கிற விஷயம்தான். சிட்டுவும் சிரித்தாள். ஆனால் சிரித்ததைச் சொல்ல ஆள் இல்லையே. நெட்டை முதல் மாதம் தினமும் படம் அனுப்பினாள். பனியில் எட்டுப் பேர், பேருந்து நிறுத்தத்தில் எட்டுப் பேர். பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. பிறகு எப்போதாவது ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. சில நாட்கள் சாயங்காலம் வரை சிட்டு வாயைத் திறக்கும்படி எதுவும் நடக்காது. அம்மாவுக்குப் போன் போடும் முன் இரண்டு தடவை கனைத்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்வாள். ஒருநாள் இரண்டாம் மாடியில் இறங்கி, பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தாள். பதினைந்து பேர் இருந்தார்கள். கன்னம் வீங்கிய ஒரு பெரியவர், "உங்களுக்கு எந்தப் பல்லு?" என்று கேட்டார். கடைவாய்ப் பல் என்று சொல்லி, வலியைப் பற்றி அவரோடு அரைமணி நேரம் பேசினாள். அந்த மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வீட்டில் இதையெல்லாம் மூச்சுவிடவில்லை. அங்கே கூப்பிட்டார்கள், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன் என்பதோடு சரி. கூட இருந்தவர்கள் போய்விட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும், "பசங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்பாள். "எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா" என்பாள் இவள். அதுவும் பொய்யில்லை. எட்டுப் பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பதிவாளர் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்குத் தலைமை வளாகத்திலேருந்து அவர் நேர்ல வரார். அன்னிக்குத் திரையில பேசினாரே, அவர்தான். மூணு மணிக்கு உன்னையும் பாக்கறார். ஏதாவது கேக்கணும்னா கேட்டுக்க."

சிட்டுவுக்கு அன்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்னும் அரை வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது. அரை வருஷமாவது மனிதர்களோடு இருக்கலாம். இந்தத் தடவை அவர் கேட்காவிட்டாலும் தானே கேட்டுவிடுவது என்று முடிவுகட்டினாள். கண்ணாடி முன் நின்று, "நான் வரேன் சார்" என்று இருபது தடவை சொல்லிப் பார்த்தாள். இருபதாவது தடவைதான் குரல் பிசிறில்லாமல் வந்தது.

அதிகாரி திரையில் இருந்ததைவிடக் குள்ளம். பதிவாளர் அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து நின்று கைகொடுத்தார். கோப்பைப் பிரித்தார்.

"எல்லாம் வசதியா இருக்கா?"

"இருக்குங்க சார். பரவாயில்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பை மூடப்போனார்.

"இல்ல சார்" என்றாள் சிட்டு. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"என்ன இல்ல?"

"வசதியா இல்ல. எனக்கு அங்க வரணும். மத்தவங்க இருக்கற இடத்துக்கு."

அவர் கோப்பைத் திரும்பப் பிரித்து ஒரு தாளைத் தேடி எடுத்தார். "நீங்க வேண்டாம்னு சொன்னதா இருக்கே."

"சொன்னேன்."

"வரணும்னு ஆசை இருந்தா ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

"எங்க வீட்டுல முதல் தடவை கேட்டா வேண்டாம்னுதான் சார் சொல்லுவோம். அதுதான் மரியாதை. நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"இன்னொரு தடவை கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

சிட்டு யோசித்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. "இல்ல சார். அப்பவும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். மூணாவது தடவை வந்திருப்பேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்க பக்கத்துல, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம் திரும்பக் கேட்டா அது மரியாதைக்குறைவு. அவங்க சொன்ன வார்த்தையை நாம நம்பலைன்னு ஆயிடும்."

பிறகு அவர் தணிந்த குரலில் விளக்கினார். கடைசி அரை வருஷத்துக்கு அங்கே இருப்பவர்களுக்குத் துறைமுகத்தில் பயிற்சி. அது தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டது, இனி யாரையும் சேர்க்க முடியாது. போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தால்கூட வழி இருந்தது.

"நாங்க உங்களை மறக்கலை" என்று தொடர்ந்தார். "எட்டுப் பேர் கிளம்பினதுமே இந்த மாடியைக் காலி பண்ணிருக்கலாம். நீங்க ஒருத்தர் இங்கதான் படிப்பேன்னு சொன்னதால வச்சிருக்கோம். இந்த அறை, இவங்க வேலை, அங்கேருந்து பாடம் எடுக்கற நாலு பேர், எல்லாமே உங்களுக்காகத்தான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று சொன்னவளுக்காக ஒரு மாடி முழுக்க விளக்கெரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்டபோது, சிட்டுவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். பதிவாளர் அம்மா பின்னாலேயே தாழ்வாரத்துக்கு வந்தார்.

"அன்னிக்கு உன் முகத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்மா. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். "நீயும் போயிட்டா எனக்கு இங்க வேலை இல்ல. அதான் கேக்காம விட்டுட்டேன்."

சிட்டுவுக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. "பரவாயில்லைங்க" என்றாள். இருவரும் அவரவர் கோடிக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டபோது கனைத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா? பசங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?"

"இங்க யாரும் இல்லம்மா."

"வெளிய போயிருக்காங்களா?"

"ஆறு மாசமா யாரும் இல்லம்மா. எல்லாரும் அங்க போயிட்டாங்க. வகுப்புல நான் மட்டும்தான் உக்காந்திருக்கேன்."

ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. வெற்றுக்கட்டங்கள், செல்லாத தேர்தல், கடைவாய்ப் பல், இன்று மூன்று மணிக்கு நடந்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பிறகு அம்மாவின் குரல் கொதிப்போடு வந்தது.

"அதெப்படி ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடுவாங்க? பெரிய மனுஷங்கதானே? ஒரு தடவை கூப்பிட்டா ஒரு பொம்பளப் பிள்ள எப்படிடி கிளம்பி வரும்?"

உலகத்தில் ஒருத்திக்காவது விளக்கம் சொல்லாமலே புரிந்துவிட்டது. சிட்டுவுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மா அந்த அதிகாரியையும், அவர் குலம் கோத்திரத்தையும், பல்கலைக்கழகத்தையும் விடாமல் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்த சிட்டுவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

இங்கே வந்து சேர்ந்த புதிதில், "நீ ஒரு தடவை வந்து என்கூட இருந்துட்டுப் போயேம்மா" என்று அவள் கேட்டிருந்தாள். "எனக்கு எதுக்குடி அதெல்லாம்? அப்பாவுக்கு யாரு ஆக்கிப் போடறது?" என்றாள் அம்மா. சரி, அம்மாவுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று சிட்டு விட்டுவிட்டாள். வந்த இடத்துப் பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டதோ, படிப்பு மும்முரமோ, எதுவென்று இப்போது யார் கண்டது? அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"அம்மா" என்றாள் சிட்டு.

"ம்?"

"நீ இங்க வரியா? வந்து கொஞ்ச நாள் என்கூட இரேன்."

"ஐயோ, வேண்டாம்டி. எனக்கு எதுக்கு? இங்க வீட்டை யாரு பாத்துக்கறது?"

"வாம்மா."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்டு பீரோவுல புடவைக்கு அடியில இருக்கு" என்றாள். "எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நீதான் அப்புறம் கேக்கவே இல்லையே."